தம்பிகள் போட்ட வழி

1944 பிப்ரவரி 24. இத்தாலியில் மிக்னானோ அருகே ஒரு சிறு குழு கண்ணிவெடி தேடிக்கொண்டிருந்தது. ஒருவருடைய கால் பட்டு ஒரு கண்ணிவெடி முடுக்கப்பட்டது. வெடிக்கச் சில நொடிகளே இருந்தபோது, சுபேதார் சுப்பிரமணியன் அதன்மேல் பாய்ந்து விழுந்தார். உடனிருந்தவர்கள் பிழைத்தார்கள், அவர் பிழைக்கவில்லை. காஞ்சிபுரம் பக்கத்துக் கீழ்ஒட்டிவாக்கத்தில் பிறந்த அவருக்கு, இறந்தபின் ஜார்ஜ் கிராஸ் விருது வழங்கப்பட்டது.

அவர் இருந்த மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவின் வேர், 1780 செப்டம்பர் 30 அன்று திரட்டப்பட்ட இரண்டு பயனியர் கம்பெனிகளில் இருக்கிறது. துப்பாக்கியோடு மண்வெட்டியும் கடப்பாரையும் தூக்கியவர்கள் அவர்கள். படை நடக்கப் பாதை, ஆற்றைக் கடக்கப் பாலம், கோட்டை மதிலுக்கு அடியில் சுரங்கம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. இன்று பெங்களூரு அல்சூரில் இருக்கும் இந்தப் படையினரை இராணுவம் முழுவதும் ‘தம்பி’ என்றே அழைக்கிறது.

தம்பிகளின் திறமைக்கு ஜோஜிலா ஒன்று போதும். 1948இல், காஷ்மீர்ப் போரின்போது, லடாக்குக்குப் போகும் வழியை அந்தக் கணவாயில் எதிரிகள் அடைத்துக்கொண்டிருந்தார்கள். காலாட்படை முட்டிப் பார்த்தும் வழி திறக்கவில்லை. ஏறத்தாழ 11,500 அடி உயரத்துக்கு டாங்கிகளை ஏற்றுவது என்று ஜெனரல் திம்மையா முடிவுசெய்தார். ஆனால் பால்தாலிலிருந்து மேலே இருந்ததோ கோவேறு கழுதைகள் நடக்கும் தடம். மேஜர் தங்கராஜுவின் தலைமையில் சாப்பர்கள் பாறையைத் தகர்த்து, சரிவை வெட்டி, அதை டாங்கி போகும் பாதையாக அகலப்படுத்தினார்கள். நவம்பர் 1 அன்று ஸ்டூவர்ட் டாங்கிகள் கணவாய்க்குள் உறுமிக்கொண்டு நுழைந்தன. அந்த உயரத்தில் டாங்கியை எதிரி எதிர்பார்க்கவே இல்லை. லே நகரம் தப்பியது.

இதே கலைதான் அமைதிக் காலத்தில் தண்ணீருக்கு வழி போட்டது. மெட்ராஸ் எஞ்சினியர்ஸ் அதிகாரி ஆர்தர் காட்டன், ஆற்று மணல்மேல் அணை நிற்கும் வித்தையைக் கல்லணையிடம் கற்றார். அதை வைத்து 1836இல் முக்கொம்பில் மேலணையைக் கட்டினார். பிறகு கோதாவரிக்குப் போய் தவளேஸ்வரத்தில் அணை எழுப்பினார். பட்டாளத்துப் பொறியாளர் பெயரில் உள்ள பெருமையில் பாதி, பெயர் தெரியாத நம் பழைய கொத்தனுக்கும் சேர வேண்டியது.

முல்லைப் பெரியாறு அணையிலும் பட்டாளத்தின் உழைப்பு உண்டு. 1887 முதல் 1895 வரை நடந்த அந்த வேலையில், பொறியாளர் பென்னிகுவிக்கின் கீழ் மெட்ராஸ் பயனியர் பட்டாலியன்களின் சிப்பாய்களும் காட்டில் உழைத்தார்கள். கட்டியதை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. காய்ச்சல் ஆட்களைக் கொண்டுபோனது. மேற்கே ஓடிய நீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியே வைகைக்கு வந்தது.

ஆண்டுதோறும் ஜனவரி 15இல், பென்னிகுவிக்கின் பிறந்தநாளில், தேனி மாவட்ட மக்கள் பொங்கல் வைத்து அவரை வணங்குகிறார்கள். அந்தப் பானை பொங்கும்போது, கல் சுமந்த சிப்பாய்களையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள்.