நுரை பெருகினால் அழுக்கு போய்விடுமா?
(நலச்சங்கக் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பி.காம். படித்து, வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வேதியியல் என் பாடமல்ல. ஆனால் நம் தெருக் கால்வாயில் மிதக்கும் நுரை எல்லார் வீட்டிலிருந்தும் வருவது. அதனால் படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

ஷாம்பு பாட்டிலின் பின்பக்கம் பாருங்கள். பலவற்றில் சோடியம் லாரெத் சல்பேட் என்று ஒன்றும், பீட்டெயின் என்று முடியும் இன்னொன்றும் இருக்கும். முதலாவதன் மூலக்கூறுகள் எதிர்மின் ஏற்றம் கொண்டவை, ஒன்றையொன்று தள்ளும். பீட்டெயின் நடுவே புகுந்து சமாதானம் செய்து வைக்கும். எல்லாம் நெருங்கி நிற்பதால் குமிழியின் தோல் உறுதியாகிறது. தனித்தனியே வருவதைவிட அதிக நுரை, அதுவும் குறைந்த சரக்கில். ஒன்றும் ஒன்றும் மூன்றாகும் கூட்டு வியாபாரம்!

எல்லாக் கூட்டும் லாபம் தராது. துணிக்கு மென்மை தரும் திரவம் நேர்மின் ஏற்றம் கொண்டது. சோப்புத்தூளோடு சேர்த்து ஊற்றினால் இரண்டும் ஒட்டிக்கொண்டு வேலை கெடும். அதனால்தான் கடைசி அலசலில் ஊற்றச் சொல்கிறார்கள். கடின நீரில் சோப்பு, சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து திரிந்துபோகும். அந்தத் திரிவு சோப்புத்தூளின் நுரையையும் அமுக்கிவிடும்.

ஆக, நுரை என்பது கலவையின் குணம், சுத்தத்தின் அளவல்ல. எண்ணெய்த் தலைக்கு முதல் முறை ஷாம்பு போட்டால் நுரை குறைவு. ஆனால் எண்ணெயின் பெரும்பகுதி இறங்குவது அப்போதுதான். நம் பக்கத்துப் பட்டுத் தொழிலையே பாருங்கள். கச்சாப் பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்தால், பசை நீங்கி எடை ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறையும். பசை போனதற்குக் கணக்கு அந்த எடைதான், நுரை அல்ல.

மிஞ்சிய நுரை எங்கே போகிறது? ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணை ஆறு நுரை பொங்கி வருவதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். பெங்களூருக் கழிவுநீர் கலந்த ஆறு அது. அதே தென்பெண்ணையில்தான் நம் மாவட்டத்துச் சாத்தனூர் அணையும் இருக்கிறது. நம் கால்வாய் சிறியது, கதை ஒன்றுதான்.

ஒரே வேண்டுகோள். ஒரு மாதம், இப்போது போடும் சோப்புத்தூளில் பாதியைக் கரண்டியால் அளந்து போடுங்கள். துணியில் அழுக்கு நின்றால் தாராளமாகக் கூட்டிக்கொள்ளுங்கள். நிற்காவிட்டால் தூளும் மிச்சம், அலசும் தண்ணீரும் மிச்சம். அடுத்த கூட்டத்தில் வரவு செலவு பார்ப்போம்.