சும்மா நிற்கிறவளா?

(குரோம்பேட்டைப் பொதுக்கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைக்கு நான் பேசுவதாகவே இல்லை. தொண்டை கட்டியிருக்கிறது. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை இதே ஊரில், ஜி.எஸ்.டி. சாலைக்கு அந்தப் பக்கம், ஒரு பாராட்டு விழா. நம் வட்டாரத்துப் பெண் பிள்ளைகள் கால்பந்தில் ஜெயித்துவிட்டு வந்திருக்கிறார்கள். கோல் போட்ட இரண்டு பேருக்கு ஆளுயர மாலை, பிளெக்ஸில் படம். நானும் கைதட்டினேன். பின்வரிசையில் ஆடிய நான்கு பெண்களோ மேடைக்குக் கீழே நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஏனய்யா அவர்களைக் கூப்பிடவில்லை என்று கேட்டேன். விழா நடத்திய பெரிய மனிதர் சொல்கிறார்: "அவங்க டிபெண்டர் சார். பின்னாடி சும்மா நிக்கிறவங்கதானே?"

சும்மா நிற்கிறவர்களா? சும்மா நிற்பது எப்படி இருக்கும் என்று குரோம்பேட்டைக்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ராதா நகர் சுரங்கப்பாதை வேலையை வருஷக்கணக்கில் பார்த்தவர்கள் நாம். (சிரிப்பு) அதற்குப் பெயர்தான் சும்மா நிற்பது!

அடுத்த முறை கார்னர் கிக் எடுக்கும்போது பந்தை விட்டுவிட்டு அந்த டிபெண்டர் பெண்ணைப் பாருங்கள். கண் பந்தின் மேல் இருக்கும். ஒரு புறங்கை எதிரணிக்காரியின் இடுப்பை லேசாகத் தொட்டுக்கொண்டே இருக்கும். பிடித்து இழுத்தால் பெனால்டி. கையை எடுத்தால் அவள் எந்தப் பக்கம் நழுவுகிறாள் என்று தெரியாது. வாய் ஓயாது: "பின்னாடி ஆள்! விடாத! ஏறு, லைன் ஏறு!" பந்து வந்ததும், முகத்தில் முழங்கை விழும் என்று தெரிந்தே எகிறி நெற்றியால் முட்டுவாள். பந்து வெளியே போய்விடும். ஸ்கோர் மாறியதா? இல்லை. மறுநாள் பேப்பரில் பெயர் வந்ததா? இல்லை. மாலை? நாற்காலி அடுக்கப் போ!

நம் கிரவுண்டுகளில் புல் எங்கே இருக்கிறது? சரளை மண். அதில் ஸ்லைடிங் டேக்கிள் போட்ட பெண்ணின் தொடையைப் பற்றி அவள் அம்மாவிடம் கேளுங்கள். ராத்திரி தூக்கத்தில் பாவாடை புண்ணோடு ஒட்டிக்கொள்ளும். காலையில் வெந்நீர் தொட்டுத் தொட்டுத்தான் பிரிக்க வேண்டும். சும்மா நிற்கிறவளுக்கு இந்தப் புண் எங்கிருந்து வந்தது?

பெரிய மனிதருக்கு ஒரு பெயர் சொல்கிறேன். ஆஷாலதா தேவி. 1993-ல் இம்பாலில் பிறந்தவர். டிபெண்டர், சென்டர் பேக். இந்திய அணியின் கேப்டனாக இருந்தவர். "மணிப்பூர்ப் பெண்ணைப் பற்றிக் குரோம்பேட்டையில் என்ன பேச்சு?" என்று ஒரு தம்பி முணுமுணுப்பது காதில் விழுகிறது. தம்பி, அவர் நம் மதுரை சேது எஃப்.சி.யின் சட்டை போட்டு ஆடியவர். 2019-ல் சேது இந்திய மகளிர் லீக் கோப்பையைத் தூக்கியது. அந்தப் பருவத்தின் சிறந்த வீராங்கனை விருதை அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு ஆஷாலதாவுக்குக் கொடுத்தது. பிறகு கோகுலம் கேரளாவுக்குப் போனார். 2022 மே மாதம் புவனேஸ்வரில் பட்டத்தைத் தீர்மானித்த ஆட்டத்தில் அதே சேதுவுக்கு எதிராகப் பெனால்டியில் கோலும் போட்டார். வயிற்றெரிச்சல்தான்! ஆனாலும் கைதட்டுவோம். (கைதட்டல்)

2024 அக்டோபர் 17, காத்மாண்டு. பாகிஸ்தானை இந்தியா 5-2 என்று வென்ற நாள். அது ஆஷாலதாவுக்கு நூறாவது சர்வதேச ஆட்டம். இந்தியப் பெண்களில் நூறைத் தொட்ட முதல் ஆள் அவர்தான். நூறு ஆட்டம் சும்மா நின்றாராம்! இங்கே இருக்கிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? கிரிக்கெட்டில் பன்னிரண்டாவது ஆளாகத் தண்ணீர் தூக்கிக்கொண்டு போகிறவனின் ஜாதகம் வரைக்கும் நமக்கு மனப்பாடம்.

அந்த நூறு ஆட்டத்துக்கு நடுவில் அவருக்கு நடந்ததைக் கேளுங்கள். 2022 ஜனவரியில் ஆசியக் கோப்பை நம் நாட்டில் நடந்தது. கோழிக்கோட்டில் நடந்து நாற்பது வருஷம் கழித்து மறுபடி நம் மண்ணுக்கு வந்த போட்டி. உலகக் கோப்பைக்குப் போகும் வழியும் அதுதான். 20-ம் தேதி நவி மும்பையில் ஈரானோடு 0-0. பெரிய மனிதர் அந்த ஸ்கோரைப் பார்த்தால் "ஒண்ணும் நடக்கலையே" என்பார். ஐயா, எதிரணிக்கு ஒரு கோல்கூட விடவில்லை என்று அர்த்தம். டிபெண்டருக்கு அதுதான் மாலை! மூன்று நாள் கழித்து அணியில் பன்னிரண்டு பேருக்குக் கொரோனா. சீன தைபேயோடு ஆட ஆள் இல்லை. விதிப் புத்தகத்தைப் புரட்டினார்கள். இந்தியா விலகிவிட்டதாகக் கணக்கு. அதோடு விட்டார்களா? ஈரானோடு ஆடியதும் செல்லாது என்று அழித்துவிட்டார்கள். வாழ்க்கையில் ஒரு முறை சொந்த மண்ணில் ஆசியக் கோப்பை. அதில் கோல் விடாமல் காத்த ஒரே ஆட்டம். அதையும் ரப்பர் வைத்து அழித்தால் அந்தக் கேப்டன் யாரிடம் போய் முறையிடுவார்?

அதே வருஷம் ஆகஸ்ட். ஆசிய கிளப் போட்டிக்காகக் கோகுலம் பெண்கள் உஸ்பெகிஸ்தான் போய் இறங்கிவிட்டார்கள். டெல்லியில் நாற்காலிச் சண்டை. வெளியார் தலையீடு என்று ஃபிஃபா இந்தியக் கூட்டமைப்பையே சஸ்பெண்ட் செய்தது. 23-ம் தேதி ஆட்டம். தடை நீங்கியது 26-ம் தேதி! ஆடாமலே திரும்பினார்கள். கோட்டும் டையும் போட்டவர்கள் நாற்காலிக்கு அடித்துக்கொண்டதற்குத் தண்டனை, மூட்டையோடு தாஷ்கண்டில் உட்கார்ந்திருந்த பெண்களுக்கு. ஒரே வருஷத்தில் இரண்டு அடி. இரண்டும் கிரவுண்டுக்கு வெளியே விழுந்த அடி. உள்ளே வந்திருந்தால் ஆஷாலதா தடுத்திருப்பார்!

"டிபெண்டர் யார் வேணும்னாலும் ஆடலாம், கோல் போடத்தான் திறமை வேணும்" என்கிறது ஒரு கட்சி. அப்படியானால் இவர்கள் வீட்டுக் கதவைத் திறந்துபோட்டுவிட்டுத் தூங்கட்டும். "பொம்பளைங்க உடம்புக்குக் கால்பந்து ஒத்துக்காது" என்கிறது இன்னொரு கட்சி. 1920-ல் லிவர்பூலில் பெண்கள் ஆட்டத்துக்கு 53,000 பேர் கூடினார்கள். அடுத்த வருஷமே இங்கிலாந்துச் சங்கம் இதையேதான் சொல்லி, தன் கிளப்புகளின் மைதானங்களைப் பெண்களுக்கு மூடியது. தடை விலக ஐம்பது வருஷம் ஆனது. அதே இங்கிலாந்தின் லூசி பிரோன்ஸ், அவரும் டிபெண்டர்தான், 2025 ஐரோப்பியக் கோப்பை முழுவதையும் முழங்காலுக்குக் கீழே எலும்பில் விரிசலோடு ஆடிக் கோப்பை வாங்கினார். இவருக்கா உடம்பு ஒத்துக்காது? நம் பெரிய மனிதருக்கு மேடைக்கு நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. (சிரிப்பு)

ஊர் மட்டும் இல்லை, உலகமே இப்படித்தான் இருக்கிறது. பெண்களுக்கு பாலோன் தோர் விருது 2018-லிருந்து கொடுக்கிறார்கள். இதுவரை ஒரு டிபெண்டருக்குக்கூடப் போகவில்லை. ஏன், நம் தமிழ்நாடு பெண்கள் 2018-லும் 2023-லும் தேசியப் பட்டம் வென்றார்கள். இரண்டு இறுதி ஆட்டமும் 2-1. அந்த ஒரு கோல் வித்தியாசத்தைக் கடைசி விசில் வரைக்கும் காப்பாற்றியது யார்? சொல்லுங்கள் பார்ப்போம், ஒரு பெயர்! நிசப்தம். எனக்குத் தெரிந்ததுதான்.

எல்லாரும் அப்படியில்லை. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் போன மாதம் ஒருவர் பழைய ஸ்டட் ஷூ பேரம் பேசிக்கொண்டிருந்தார். கடைக்காரர் கேட்டார், "பையனுக்காண்ணே?" "பொண்ணுக்கு." "ரோஸ் கலர் இல்லியேண்ணே." அவர் நிதானமாகச் சொன்னார்: "கலர் கிடக்கட்டும்பா, ஸ்டட்டு உறுதியா இருக்கா பாரு. எம்பொண்ணு ஃபுல் பேக்." டிபெண்டரைப் பெற்ற அந்த அப்பனுக்கு மேடை போடலாம்!

காசுக்கு வருகிறேன். மேல்மட்ட லீகில் ஒவ்வொரு கிளப்பும் குறைந்தது பத்து இந்தியப் பெண்களுக்கு வருஷம் 3.2 லட்சமாவது தர வேண்டும் என்று கூட்டமைப்பு 2023-ல்தான் முடிவெடுத்தது. மாதம் 26,000 சொச்சம். பதினோராவது பெண்ணுக்கு அந்த உத்தரவாதமும் இல்லை. அந்த முடிவுக்கும் முன்னால், இந்தியாவுக்கு ஆடிய கடலூர் இந்துமதி கதிரேசன் கொரோனா ஊரடங்கில் சென்னை வீதியில் போலீஸ் சப்-இன்ஸ்பெக்டராக நின்றார். வேலை கிடைத்த வரையில் சந்தோஷம். வேலையும் இல்லாமல், கோல் கணக்கும் இல்லாமல், முழங்கால் ஜவ்வு கிழிந்து வீட்டில் உட்கார்ந்திருக்கிற டிபெண்டர் எந்த விளையாட்டு ஒதுக்கீட்டில் எதைக் காட்டுவாள்? தடுத்த கோலுக்கு யார் சர்டிபிகேட் தருகிறார்கள்?

முன்வரிசையில் மாநகராட்சிக்காரர்கள் இருக்கிறார்கள். நம் குரோம்பேட்டையும் சேர்ந்த தாம்பரம் 2021-ல் மாநகராட்சி ஆனது. வரி ரசீதிலும் அப்படித்தான் போட்டிருக்கிறது. இந்தப் பிள்ளைகள் கேட்பது ஸ்டேடியம் இல்லை. ஒரு கிரவுண்டு. சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழரை வரைக்கும் பெண்களுக்கு மட்டும். நாலு விளக்கு. உடை மாற்ற ஒரு அறை, உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டது. இவ்வளவுதான்.

கைதட்டாதீர்கள். தட்டினால் கூட்டம் முடிந்தது என்று முன்வரிசை மாநகராட்சி ஐயா கிளம்பிவிடுவார். ஐயா, செருப்பைத் தேடாதீர்கள், உட்காருங்கள். எந்த மாதம் என்று மட்டும் சொல்லுங்கள். தம்பி, அந்த மைக்கை ஐயாவிடம் கொடு.