ஓட்டுநர் உரிமத் தேர்வும் நாட்கணக்கும்

இந்தியாவில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை கூறுகிறது. இந்தப் பின்னணியில் நோக்கும்போது, ஓட்டுநர் உரிமத் தேர்வு அலுவலகச் சடங்குகளுள் ஒன்றாகக் கருதப்படுவது வருந்தத்தக்கது. 1939-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக வந்து 1989 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகனச் சட்டமும், அதே ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளும் இத்தேர்வை இரு கட்டங்களாக வகுத்துள்ளன.

முதற்கட்டம் பழகுநர் உரிமம். போக்குவரத்துக் குறியீடுகள், சாலை விதிகள், விபத்து நேர்ந்தால் ஓட்டுநரின் கடமைகள், உடன் வைத்திருக்க வேண்டிய ஆவணங்கள் ஆகியவற்றில் விண்ணப்பதாரரின் அறிவு சோதிக்கப்படுகிறது. ஆளில்லா ரயில்வே கடவையில் காட்ட வேண்டிய எச்சரிக்கையும் இப்பட்டியலில் இடம்பெற்றது. அகலப்பாதையில் அத்தகைய கடவைகள் 2019 ஜனவரியோடு ஒழிந்துவிட்டன என்பது வேறு செய்தி. இக்கட்டத்தில் வெற்றி பெற்றவர், வெள்ளைப் பலகையில் சிவப்பு 'எல்' எழுத்தை வண்டியின் முன்னும் பின்னும் பொருத்தி, உரிமம் பெற்ற ஒருவரின் துணையோடு பழகலாம்.

பலர் இடறுவது இதற்குப் பிறகுதான். பழகுநர் உரிமம் ஆறு மாதங்களுக்குச் செல்லும். அது கிடைத்து முப்பது நாட்கள் கழியாமல் ஓட்டுதல் தேர்வுக்கு வர இயலாது. ஆகவே தேர்வுக்கு உரிய காலம் ஏறத்தாழ ஐந்து மாதங்களே. தோல்வியுற்றவர் மீண்டும் வர ஏழு நாட்கள் காத்திருக்க வேண்டும். மூன்று முறை தவறினால் அறுபது நாட்கள்.

ஜனவரி 10-ஆம் நாள் பழகுநர் உரிமம் பெற்ற ஒரு கூலித் தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். அவர் பிப்ரவரி 10-இல் முதல் தேர்வுக்கு வந்து, 18-லும் 26-லும் மீண்டும் முயன்று மூன்றிலும் தவறினால்கூட, அறுபது நாட்கள் ஏப்ரல் இறுதியில் முடிந்துவிடும். ஜூலை வரை அவர் கையில் காலம் உண்டு. அதே மனிதர் இன்னும் நன்றாகப் பழகட்டும் என்று ஜூலை முதல் வாரத்துக்கு நாள் குறித்தால், ஒரே தோல்வியில் பழகுநர் உரிமம் காலாவதியாகி, கட்டணமும் எழுத்துத் தேர்வும் மறுபடி தொடங்கும். ஒவ்வொரு வருகைக்கும் ஒரு நாள் கூலி போகிறது. இடைத்தரகருக்கு வாடிக்கையாளர் பிறப்பது பெரும்பாலும் இந்தக் கடைசி வாரத்தில்தான். 'சாரதி' இணைய முறையில் தேர்வு நாளைத் தாமே தேர்ந்துகொள்ளும் வசதி வந்த பின்பும், இந்தக் கணக்கை விண்ணப்பதாரருக்கு எடுத்துச் சொல்வார் இல்லை. பழகுநர் உரிமம் வழங்கும் நாளிலேயே அலுவலர் இதை இரண்டு வாக்கியங்களில் விளக்கினால் போதுமானது.

ஆனால் நாள் குறிப்பது பாதி வேலையே. இரு சக்கர வண்டிக்கு எட்டுப் போட்டுக் காட்டினால் தீர்ந்தது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. விதி கேட்பது அதைவிட மிகுதி. எஞ்சினை இயக்குமுன் முன்னெச்சரிக்கை, மேல் கியரிலிருந்து விரைவாகக் கீழ் கியருக்கு மாற்றுதல், கைச் சைகைகள், பாதசாரிக் கடப்பிடத்தில் முறையான நடத்தை ஆகியவை அனைத்தும் சோதனைக்கு உரியவை. கார் ஓட்டுபவர் பின்னோக்கிச் சென்று குறுகிய இடத்துள் வண்டியைத் திருப்பி நுழைக்கவும் வேண்டும். இவற்றுள் கடினமானது மேட்டுப் பாதைதான். செங்குத்தான ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி, கை பிரேக்கை முறையாகப் பயன்படுத்தி, ஓரடியும் பின்னால் உருளாமல் மீண்டும் கிளப்ப வேண்டும். சமதளத்தில் மட்டும் பழகியவருக்கு இது கைவராது. கிளட்சை அவசரமாக விடுவார், எஞ்சின் நின்றுவிடும். ஊருக்கு அருகே ஒரு மேம்பாலமோ ஏரிக்கரையோ இருந்தால், கூட்டமில்லாத நேரத்தில், துணையாளரை அருகில் வைத்துக்கொண்டு அங்கே சில நாட்கள் பழகுவது நலம்.

தேர்வுக்குக் கொண்டுவரும் வண்டி நல்ல நிலையில் இருக்க வேண்டும் என்பதும் மறக்கப்படுகிறது. இரவல் வண்டியின் பழக்கமில்லாத பிரேக்கினால் தோற்றவர் பலர். 2021 ஜூலை முதல் அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையங்களுக்கென வகுக்கப்பட்ட விதிகள், இலகு ரக வாகனத்துக்கு 29 மணி நேரப் பயிற்சியை நிர்ணயித்துள்ளன. அதில் 21 மணி நேரம் செய்முறை. அங்கு தேறியவருக்கு அலுவலகத்தில் ஓட்டிக் காட்டும் தேர்விலிருந்து விலக்கும் உண்டு. அத்தகைய மையம் அருகில் இல்லாதவரும் இந்த 21 மணி நேரத்தை அளவுகோலாகக் கொண்டு, தாம் பழகிய மணி நேரத்தை எண்ணிப் பார்த்துவிட்டுத் தேர்வு நாளைக் குறிக்கலாம்.