மணலியில் சுத்திகரிச்ச பெட்ரோலுக்கு எதுக்குக் கப்பல் வாடகை?

போன எபிசோடுக்கு வந்த வாய்ஸ் நோட்டுகள்ல ஒண்ணு, திருவொற்றியூர் பக்கம் பைக்ல ஃபுட் டெலிவரி பண்ற ஒரு தம்பி அனுப்பினது. "அண்ணே, உக்ரைன் போர் ஆரம்பிச்சப்போ இருந்ததுல பாதிதான் 2025-ல கச்சா எண்ணெய் விலைன்னு நியூஸ்ல சொன்னாங்க. நம்ம பங்க்ல மட்டும் ஏன் நூறு ரூபாய்க்குக் கீழே இறங்கவே இல்ல? அதுவும் ரிஃபைனரி நம்ம ஊர்லயே இருக்கு!"

இதுல ரெண்டு கேள்வி இருக்கு. ரெண்டாவதை முதல்ல எடுத்துக்கறேன், ஏன்னா அதை யாரும் கேக்கறதே இல்ல.

நான் காத்திவாக்கத்துக்காரன். கச்சா எண்ணெய் சென்னைத் துறைமுகத்துல கப்பல்ல வந்து இறங்குது, குழாய் வழியா மணலிக்குப் போகுது. 1965-ல மெட்ராஸ் ரிஃபைனரீஸ்ன்னு தொடங்கின கம்பெனி, இன்னிக்கு சி.பி.சி.எல். வருஷத்துக்கு சுமார் ஒரு கோடி டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கிற அளவு பெரிசு. அப்போ மணலியில தயாரான பெட்ரோல் பக்கத்து பங்குக்கு வர என்ன செலவு ஆகும்? டேங்கர் லாரி வாடகை, அவ்வளவுதான்னு நாம நினைப்போம்.

ஆனா ரிஃபைனரி கேட்ல போடற விலைக்கு ஒரு ஃபார்முலா இருக்கு. வளைகுடா நாடுகள்ல ரெடியா விக்கிற பெட்ரோலோட சர்வதேச விலையை எடுத்துக்கோ. அதை இங்க கொண்டுவர ஆகுற கப்பல் வாடகை, இன்சூரன்ஸ், சுங்க வரி, துறைமுகச் செலவு எல்லாத்தையும் சேரு. இதுக்கு 80 சதவீத வெயிட்டேஜ். மிச்ச 20 சதவீதம், அதே பெட்ரோலை ஏற்றுமதி பண்ணியிருந்தா என்ன கிடைச்சிருக்கும்ங்கிற விலை. 2006-ல ரங்கராஜன் கமிட்டி சொன்ன முறை இது. அதுக்கு முன்னாடி முழுக்க இறக்குமதி விலைதான், அதனால அன்னிக்கு இது ஒரு முன்னேற்றம். ரிஃபைனரிகள் உலக விலையோட போட்டி போடணும், அப்போதான் திறமையா நடக்கும்ங்கிறது இதுக்குச் சொல்ற நியாயம். நியாயம் இருக்கு. ஆனாலும் கச்சா எண்ணெய் கப்பல்ல வந்தது நிஜம். மணலியில தயாரான அந்த பெட்ரோல் கப்பலையே பார்த்ததில்ல. பார்த்த மாதிரி கணக்கு எழுதறாங்க.

சரி, இப்போ முதல் கேள்வி. கச்சா எண்ணெய் இறங்கினா பங்க்ல ஏன் இறங்கல?

ரொம்ப நாளா விலையை அரசாங்கமே நிர்ணயிச்சுது. 2002 ஏப்ரல்ல அந்த முறையை எடுத்ததா அறிவிச்சாங்க. எடுத்தாங்களா? இல்ல. கச்சா எண்ணெய் ஏறினப்போ விலையை ஏத்த விடாம, பொதுத்துறை கம்பெனிகளோட நஷ்டத்துக்கு ஈடா எண்ணெய்ப் பத்திரம் கொடுத்தாங்க. 2005-ல இருந்து 2010 வரைக்கும் சுமார் 1.34 லட்சம் கோடி ரூபாய்க்கு. அந்தக் கடனை அப்புறம் வரி கட்டுறவங்கதான் அடைக்கணும். தனியார் கம்பெனிகளுக்கு அந்த ஈடு கிடையாது. அதனால 2008-ல ரிலையன்ஸ் தன்னோட 1,400-க்கு மேற்பட்ட பங்குகளை மூடிட்டுப் போயிடுச்சு.

அப்புறம் 2010 ஜூன்ல பெட்ரோலுக்கும், 2014 அக்டோபர்ல டீசலுக்கும் விலைக் கட்டுப்பாடு போச்சு. 2017 ஜூன் 16-ல இருந்து தினமும் காலையில 6 மணிக்கு விலை மாறும்னாங்க. காகிதப்படி, இன்னிக்கு பெட்ரோல் விலையில அரசாங்கத்துக்கு எந்தக் கையும் இல்ல.

நான் சாஃப்ட்வேர் ஆளு. எங்க வேலையில அடிக்கடி பார்க்கிற ஒரு விஷயம்: டாகுமெண்ட்ல ஒண்ணு எழுதியிருக்கும், ப்ரொடக்‌ஷன்ல வேற ஒண்ணு ஓடிட்டிருக்கும். லாக் எடுத்துப் பார்த்தாத்தான் தெரியும். இங்கேயும் லாக் எடுத்துப் பாருங்க.

2018 கர்நாடகா தேர்தலுக்கு முன்னாடி 19 நாள் விலை அசையவே இல்ல. ஓட்டு போட்டு முடிஞ்சதும் ஏற ஆரம்பிச்சுது. 2021 நவம்பர் 4-ல நின்ன விலை, உத்தரப்பிரதேசம் உள்ளிட்ட அஞ்சு மாநிலத் தேர்தல் முடிஞ்சு 2022 மார்ச் 22-ல தான் நகர்ந்துச்சு. அதுக்கு நடுவுல போர் தொடங்கி, கச்சா எண்ணெய் 120 டாலரைத் தாண்டிடுச்சு. நகர ஆரம்பிச்சதும் 16 நாள்ல லிட்டருக்கு 10 ரூபாய். 2024 மார்ச் 15-ல 2 ரூபாய் குறைச்சாங்க. மறுநாள் நாடாளுமன்றத் தேர்தல் தேதி அறிவிப்பு. இதெல்லாம் தற்செயல்னு ஒருத்தர் சொன்னா, அவர்கூட நான் சீட்டாட உட்கார மாட்டேன்.

கட்டுப்பாடே தப்புன்னு நான் சொல்லல. 2022-ல மத்திய அரசு மே மாசம் வரியைக் குறைச்சது, கம்பெனிகள் விலையைப் பிடிச்சு வச்சது, ரெண்டும் நம்மளைக் காப்பாத்துச்சு. அந்த நிதியாண்டோட முதல் ஆறு மாசத்துல மூணு கம்பெனிக்கும் சேர்த்து சுமார் 21,000 கோடி நஷ்டம். அதே நேரத்துல இலங்கையில பங்க் வாசல்ல நாள்கணக்கா வரிசை நின்னுச்சு. அங்க 2018-ல ஒரு விலை ஃபார்முலா கொண்டுவந்து, அடுத்த வருஷமே கைவிட்டாங்க. வாங்க டாலர் இல்லாத நாள்ல வெறும் விலைப் பலகையை வச்சு என்ன பண்றது?

ஆனா நஷ்டத்துல பிடிச்சு வச்சவங்க, லாபத்துலயும் பிடிச்சு வச்சாங்க. 2023-24-ல அதே மூணு கம்பெனி, அதாவது இந்தியன் ஆயில், பாரத், ஹிந்துஸ்தான், சேர்ந்து எடுத்த லாபம் சுமார் 81,000 கோடி. பழைய நஷ்டத்தை ஈடுகட்டறோம்னாங்க. எவ்வளவு ஈடாச்சு, எப்போ போதும்? அதுக்கு எழுதின விதி எங்கேயும் இல்ல. விதி இல்லாததால யார்கிட்டயும் கேள்வி கேக்கவும் முடியாது. மந்திரியைக் கேட்டா கம்பெனி முடிவும்பார். கம்பெனியைக் கேட்டா சந்தை நிலவரம்பாங்க.

வரியும் இதே மாதிரிதான். 2014 நவம்பர்ல இருந்து 2016 ஜனவரி வரைக்கும் கச்சா எண்ணெய் சரியச் சரிய, மத்திய அரசு கலால் வரியை ஒன்பது தடவை ஏத்துச்சு. 2020 ஊரடங்குல உலகமே எண்ணெய் வாங்காம இருந்தப்போ, பெட்ரோல் மேல மத்திய வரி 32 ரூபாய் 98 காசுக்குப் போச்சு. 2025 ஏப்ரல் 8-ல மறுபடி 2 ரூபாய். பங்க் விலை மாறல, அதனால யாரும் கவனிக்கல. குறைஞ்சிருக்க வேண்டிய 2 ரூபாய் வழியிலேயே இறங்கிடுச்சு.

இதுல பெரும்பகுதி செஸ், கூடுதல் வரிங்கிற பேர்ல வர்றதால மாநிலங்களுக்குப் பங்கு கிடையாது. மாநில அரசும் ஒண்ணும் சும்மா இல்ல: 2021 ஆகஸ்ட்ல தமிழ்நாடு 3 ரூபாய் குறைச்சது நிஜம், குறைச்ச பிறகும் பெட்ரோலுக்கு 13 சதவீதமும், கூட லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசும் வாங்குச்சு. 2025-ல ரெண்டு பேர் வரியும் சேர்ந்து லிட்டருக்கு 40 ரூபாய்க்கு மேல இருந்துச்சு. வாய்ஸ் நோட் அனுப்பின தம்பி நாளைக்கு மூணு லிட்டர் போடறேன்னார். அப்போ தினமும் 120 ரூபாய்க்கு மேல வரி. ஜி.எஸ்.டி.யில இருக்கிற ஒரு கம்பெனி, தான் வாங்கின சரக்குக்குக் கட்டின வரியைத் திரும்ப எடுத்துக்கலாம். பெட்ரோல் ஜி.எஸ்.டி.க்கு வெளியே இருக்கு, இவர் கம்பெனியும் இல்ல.

இன்னொண்ணும் சொல்லணும், இங்க இருக்கறதால. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்துல எண்ணெய் எண்ணூர் கழிமுகம் வரைக்கும் வந்துச்சு. சி.பி.சி.எல். வளாகத்துல இருந்து வந்ததுதான்னு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கண்டுபிடிச்சுது. மீனவர்கள் படகுல போய், கையால அள்ளினாங்க. வலை, படகு, மீன், எறா எல்லாம் போச்சு. நிவாரணமா அரசு ஒரு மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய் கொடுத்துச்சு. நான் அந்த விலை ஃபார்முலாவைத் திரும்பத் திரும்பப் படிச்சேன். நடக்காத கப்பல் பயணத்துக்கு அதுல வாடகை இருக்கு. ஆத்துல நடந்ததுக்கு ஒரு காசு கூட இல்ல. விலைக்குத் தேர்தல் தேதி பார்த்துக் கட்டுப்பாடு வர்ற அதே நாட்டுல, ஒரு மழை வெள்ளத்துல எண்ணெய் வெளியே வராம பார்த்துக்கிற கட்டுப்பாடு நேரத்துக்கு வரல.

என்ன கேக்கலாம்? விலையை நாளைக்கே குறைன்னு நான் கேக்க மாட்டேன். ஒரு லிட்டர்ல எது எவ்வளவுங்கிற கணக்கை இந்தியன் ஆயில் வெப்சைட்ல போடறாங்க, டெல்லி விலைக்கு. அதே மாதிரி சென்னைக்கும் போடுங்க. கப்பல் வாடகையைத் தனி வரியா காட்டுங்க. எத்தனை டாலர்ல நிறுத்துவீங்க, எத்தனை டாலர்ல குறைப்பீங்கன்னு முன்கூட்டியே எழுதி வையுங்க. ஏத்தினா ஏத்திட்டுப் போங்க, ஆனா விதிப்படி ஏத்துங்க.

அடுத்த எபிசோடு சமையல் சிலிண்டர். உங்க வீட்டு பில்லை எடுத்து வச்சுக்கோங்க, மானியம்னு போட்டிருக்கிற இடத்துல என்ன இருக்குன்னு பார்த்து வாய்ஸ் நோட் அனுப்புங்க.