காற்று ரெக்கார்டு நோட்டைப் பார்க்காது

தலைப்பு: மாணவர் அறிவை வளர்ப்பது பாடப் புத்தகமா? பரிசோதனைக் கூடமா?
(‘பரிசோதனைக் கூடமே’ என்ற அணியில் ஆற்றிய உரை)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! பேசி முடித்த கையோடு, தீர்ப்பே வந்துவிட்ட மாதிரி தெம்பாக உட்கார்ந்திருக்கும் எதிரணி நண்பர் அவர்களே! (சிரிப்பு) தேனிச் சீமையின் பெரியோர்களே, தாய்மார்களே!

எதிரணி நண்பர் என்ன சொன்னார்? “புத்தகத்தில் எல்லாம் இருக்கு. விமானம் எப்படிப் பறக்குதுன்னு என் பையன் பத்தே வரியில் ஒப்பிப்பான். அதுக்கு எதுக்கு லேபு, எதுக்குச் செலவு?” என்று கேட்டார். சரி, நடுவர் அவர்களே. அவர் ஏறிய விமானத்திலேயே நானும் ஏறிப் பதில் சொல்கிறேன்.

எங்கள் பள்ளத்தாக்கு ஜனங்களுக்குக் காற்று புதுசு இல்லை. தென்மேற்குப் பருவக் காற்று தமிழ்நாட்டுக்குள் நுழையும் வாசல்கள் என்று பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி, கம்பம் ஆகிய கணவாய்களைச் சொல்வார்கள். சாவகாசமாக வருகிற காற்று, மலை இடுக்கில் நெருக்கியடிச்சு நுழையும்போது வேகம் எடுக்குது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது மற்ற ஊரில் பழமொழி. எங்க ஊரில் அனுபவம்! (சிரிப்பு) குலை தள்ளின வாழைக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, ராத்திரி தூக்கமில்லாமல் கிடக்கிற விவசாயியைக் கேளுங்கள், சொல்லுவார். வாழையைச் சாய்க்கிற அதே காற்றுதான் ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலையையும் சுத்துது. காற்றின் வேகம் இரண்டு மடங்கு ஆனால், அதில் இருக்கிற சக்தி எட்டு மடங்கு ஆகும்.

இந்தப் பள்ளத்தாக்கை அப்படியே சுருக்கி ஒரு பெட்டிக்குள் வைத்தால் அதுதான் காற்றுச் சுரங்கம். விண்ட் டனல் என்பார்கள். என் மகள் விமானப் பொறியியல் படிக்கிறாள். அவள் சொல்லித்தான் தமிழ் படித்த எனக்கு இது தெரியும். ஒரு முனையில் பெரிய விசிறி. உள்ளே வருகிற காற்றை ஒழுங்குபடுத்தத் தேன்கூடு மாதிரி ஒரு தடுப்பு. அப்புறம் குழாய் கூம்பு மாதிரி குறுகும். அங்கேதான் காற்று கணவாய்க்குள் நுழைகிற மாதிரி வேகம் பிடிக்கும். நடுவில் ஒரு குட்டி இறக்கையை நிறுத்தி வைத்திருப்பார்கள்.

“என்னடி, விமானம் நிக்குது, காற்று ஓடுது?” என்று கேட்டேன். “அம்மா, நீ கம்பம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தா காற்று முகத்தில் அடிக்குதே, அங்கே ஓடுறது பஸ்ஸா, காற்றா? முகத்துக்கு இரண்டும் ஒண்ணுதான்” என்றாள். புரிந்துவிட்டது. (கைதட்டல்)

இப்போது எதிரணி நண்பரின் பத்து வரிக்கு வருகிறேன். இறக்கைக்கு மேலே வளைவு, கீழே தட்டை. மேலே போகிற காற்றுக்குத் தூரம் ஜாஸ்தி. பின்னால் இரண்டு காற்றும் ஒரே நேரத்தில் சேர வேண்டும், அதனால் மேல்காற்று வேகமாக ஓடுகிறது என்றார். பல புத்தகங்களில் இப்படித்தான் இருக்கிறது.

நான் கேட்கிறேன். தேனி பஸ் ஸ்டாண்டில் அண்ணனும் தம்பியும் பிரியறாங்க. அண்ணன் சின்னமனூர் வழியா நேரே உத்தமபாளையம் போறார். தம்பி போடி, தேவாரம் என்று சுத்திக்கிட்டுப் போறார். இரண்டு பேரும் ஒரே நிமிஷத்தில் உத்தமபாளையத்தில் இறங்கணும்னு ஏதாவது சட்டம் இருக்கா? (சிரிப்பு) காற்றுக்கும் அப்படி ஒரு சட்டம் கிடையாது. 2003-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹோல்கர் பாபின்ஸ்கி, காற்றுச் சுரங்கத்தில் புகையை விட்டு விட்டு அனுப்பிப் படம் பிடித்தே காட்டிவிட்டார். என்ன நடந்தது தெரியுமா? சுத்திப் போன தம்பி முதலில் இறங்கி, டீயும் குடிச்சிட்டு நிக்கிறார். அண்ணன் அப்புறம்தான் வந்து சேர்றார்! (பலத்த சிரிப்பு) மேல்காற்று வேகமாகப் போவது நிஜம். அங்கே அழுத்தம் குறைவதும் நிஜம். புத்தகம் சொன்ன காரணம்தான் தப்பு. இறக்கை காற்றை வளைத்துக் கீழே தள்ளுகிறது. பதிலுக்குக் காற்று இறக்கையை மேலே தூக்குகிறது. பத்து வரி ஒப்பித்த பையனுக்கு மார்க் கிடைக்கும். புகையைப் பார்த்த பையனுக்குத்தான் விஷயம் கிடைக்கும்.

அடுத்தது முக்கியமான விஷயம், நடுவர் அவர்களே. அந்தக் குட்டி இறக்கை மேலே ஊசி முனை மாதிரி துளைகள். ஒவ்வொரு துளையிலிருந்தும் ஒரு குழாய். குழாயில் கலர்த் தண்ணீர். அழுத்தம் குறைந்தால் தண்ணீர் ஏறும். இறக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்துக்கொண்டே போனால் தூக்கும் சக்தி கூடிக்கொண்டே போகும். சுமார் பதினைந்து டிகிரி தாண்டினால், அதுவரைக்கும் இறக்கையை ஒட்டி ஓடிய காற்று பிய்த்துக்கொண்டு போய்விடும். தூக்கும் சக்தி விழுந்துவிடும். இதற்கு ஸ்டால் என்று பெயர்.

ஒரு நாள் என் மகள் ரீடிங் எடுக்கும்போது ஒரு குழாயில் மட்டும் தண்ணீர் அசையவே இல்லை. தோழிகள், “பக்கத்துக் குழாய் இரண்டையும் பார்த்து நடுவில் ஒரு நம்பரைப் போடு. இல்லைன்னா போன வருஷத்து அக்கா ரெக்கார்டு நோட்டு இருக்கு” என்றார்கள். அவள் கேட்கவில்லை. மெஷினை நிறுத்தச் சொல்லிப் பார்த்தால், துளையில் தூசி அடைத்திருக்கிறது. சுத்தம் பண்ணி, மறுபடி முதலிலிருந்து எடுத்தாள். மற்றவர்கள் டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

ஒரு துளைக்கு இவ்வளவு பிடிவாதமா என்று கேட்பீர்கள். 1996 பிப்ரவரி 6. டொமினிக்கன் குடியரசிலிருந்து கிளம்பிய பிர்கென்ஏர் போயிங் 757 விமானம். காற்றின் அழுத்தத்தை வைத்து வேகத்தை அளக்கும் ஒரு சிறு குழாய் அதில் அடைத்திருந்தது. குளவி கூடு கட்டியிருக்கும் என்பது விசாரித்தவர்களின் சந்தேகம். நம் வீட்டு ஜன்னலில் மண்ணால் கட்டுமே, அந்த மாதிரிக் கூடு! கேப்டனின் வேகமானி தப்பான எண்ணைக் காட்டியது. குழப்பத்தில், நிஜமாகவே வேகம் குறைந்து விமானம் ஸ்டால் ஆனதை அவர்களால் உணர்ந்து சமாளிக்க முடியவில்லை. கடலில் விழுந்து 189 பேர் போனார்கள். ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. (அரங்கில் அமைதி)

‘எந்த எண்ணைப் பார்த்தாலும் இது நிஜமா என்று கேள்’ என்கிற பழக்கத்தைப் புத்தகம் தருமா? புத்தகத்தில் எல்லா எண்ணும் சரியாகவே அச்சாகியிருக்கும். அடைத்துக்கொண்ட குழாய் லேபில்தான் இருக்கும்! (கைதட்டல்)

“ரைட் சகோதரர்கள் புத்தகம் படிக்கலையா?” என்று எதிரணி கேட்பார்கள். படித்தார்கள். படித்த கணக்கை நம்பிக் கட்டிய கிளைடர், 1901-இல் கிட்டி ஹாக் மணல்மேட்டில் எதிர்பார்த்த பாரத்தைத் தூக்கவில்லை. என்ன செய்தார்கள்? தங்கள் சைக்கிள் கடையில் ஆறடி நீள மரப்பெட்டி செய்து, ஒரு விசிறி வைத்து, சைக்கிள் ஸ்போக் கம்பியிலும் ரம்பத் தகட்டிலும் தராசு பண்ணி, சுமார் 200 குட்டி இறக்கைகளைச் சோதித்தார்கள். 1759-இலிருந்து ஸ்மீட்டன் பெயரால் புத்தகத்துக்குப் புத்தகம் காப்பியாகி வந்த ஓர் எண், உண்மையைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பெரிசு என்று தெரிந்தது. லிலியென்தால் தன் இறக்கைக்குப் போட்ட அட்டவணை பெருமளவு சரி என்பதும் அந்தப் பெட்டியால்தான் தெரிந்தது. 1903 டிசம்பர் 17-ஆம் தேதி, 12 விநாடி, 120 அடி பறந்தார்கள். புத்தகத்தில் எந்தப் பக்கம் மெய், எந்தப் பக்கம் பொய் என்று சொல்கிற சாட்சி அந்த மரப்பெட்டிதான், நடுவர் அவர்களே!

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை வீட்டுக்கு வந்ததும் எத்தனை மார்க் என்றுதான் கேட்கிறோம். ஒரு நாளாவது, “இன்னைக்கு உனக்கு என்ன ரீடிங் வந்துச்சு? புத்தகத்தோட ஒத்து வந்துச்சா? வரலைன்னா ஏன்?” என்று கேளுங்கள். காப்பியடித்த நோட்டுக்கு வாத்தியார் கையெழுத்துப் போட்டுவிடுவார். காற்று போடாது. ஆகவே, அறிவை வளர்ப்பது பரிசோதனைக் கூடமே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு கேட்டு விடைபெறுகிறேன். (பலத்த கைதட்டல்)