நுரையீரலில் சதை எடுக்கச் சொன்னால்



ஒரு கிராமத்தில் கூட்டம் முடிந்ததும் ஓர் அம்மா என்னைத் தனியே அழைத்தார். "எங்க வீட்டுக்காரருக்கு நுரையீரலிலே சதை வெட்டி எடுக்கணுமாம் சார். கையெழுத்துக் கேட்கிறாங்க. போடலாமா, வேண்டாமா?" என்றார். கணவர் திண்ணையில் உட்கார்ந்து இளைத்துக் கொண்டிருந்தார். அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லுகிறேன்.

நுரையீரல் முழுவதும் பரவலாகத் தடித்து, தழும்பு கட்டி இறுகிப்போகும் நோய்கள் பல உண்டு. வறட்டு இருமல் இருக்கும், நாலு அடி நடந்தால் மூச்சு வாங்கும். சளியில் கிருமி இல்லாமலே டி.பி. மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கினவர்களை நான் பார்த்திருக்கிறேன். இந்த நோய்களுக்குள்ளேயே ஒரு வகைக்கு நல்லது செய்யும் ஸ்டீராய்டு மாத்திரை இன்னொரு வகைக்குக் கெடுதல் செய்யக்கூடும். அதனால்தான் டாக்டர்கள் எந்த வகை என்று தெரிந்துகொள்ளப் பாடுபடுகிறார்கள்.

எல்லோருக்கும் சதை எடுக்க வேண்டியதில்லை. சி.டி. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, நீங்கள் சொல்லும் விவரம் இவையே பலருக்குப் போதும். கல்குவாரியில் வேலை பார்த்தவருக்குப் பெரும்பாலும் படமும் வேலை விவரமும் போதும். 2017-இல் வெளியான இந்திய ஆய்வில் 1,084 நோயாளிகளைப் பார்த்ததில், ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தூசி, பூஞ்சை, பறவை எச்சம் போன்றவை மூச்சில் ஒத்துக்கொள்ளாமல் வந்த வகையே இருந்தது. ஆகவே புறா வளர்ப்பதையும், ஏர் கூலர் வைத்திருப்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் விளங்காவிட்டால்தான் சதை. அதற்கு மூன்று வழிகள் உண்டு.

வாய் அல்லது மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டு, சிறு கவ்வியால் கிள்ளி எடுப்பது முதல் வழி. கிடைப்பது கேழ்வரகு அளவு. ஆபத்து குறைவு. டி.பி., சார்காய்டு போன்ற நோய்களுக்கு இது உதவும். தழும்பு நோய்க்கு இந்தத் துணுக்கு பெரும்பாலும் போதாது.

இரண்டாவது, கிரையோ பயாப்சி. அதே பாதையில் செல்லும் கம்பியின் நுனியைக் கடுங்குளிராக்குவார்கள். ஐஸ் பெட்டியில் ஈர விரல் ஒட்டிக்கொள்வது போலச் சதை அதில் ஒட்டிக்கொண்டு வரும். பச்சைப்பயறு அளவு கிடைக்கும். நூற்றுக்கு எண்பது பேருக்கு விடை தெரிகிறது. ஆனால் ரத்தம் கசியலாம்; பத்தில் ஒருவருக்கு நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்து தேங்கலாம்.

மூன்றாவது ஆபரேஷன். மயக்க மருந்து கொடுத்து, விலா எலும்புகளுக்கு இடையே துளையிட்டு, காமிரா வைத்து எடுப்பார்கள். கட்டைவிரல் நுனி அளவு கிடைக்கும். நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு விடை தெரியும். ஆனால் அமெரிக்காவில் 2000 முதல் 2011 வரையான கணக்குப்படி, முன்கூட்டித் திட்டமிட்டுச் செய்தவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 2 பேரும், அவசரமாகச் செய்தவர்களில் 16 பேரும் ஆஸ்பத்திரியிலேயே இறந்திருக்கிறார்கள். மூச்சு மிகவும் தளர்ந்தவருக்கு இது ஆகாது.

துண்டு பெரிதானால் விடை தெளிவு, ஆபத்தும் கூடுதல். கை தேர்ந்தவர்கள் உள்ள இடத்தில் ஆபரேஷனுக்குப் பதில் கிரையோ முறையை ஏற்கலாம் என்று 2022-இல் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து வழிகாட்டியிருக்கிறார்கள். என் யோசனையும் அதுவே. "எந்த முறை? இங்கே வழக்கமாகச் செய்கிறீர்களா? விடை கிடைத்தால் மருந்து மாறுமா?" என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல.

அந்த அம்மாவிடம் இன்னொன்றும் சொன்னேன். கணவர் நினைவோடு இருக்கிறார். சம்மதம் அவர் தர வேண்டியது. "எனக்கென்ன தெரியும், அவளைக் கேளுங்க" என்று அவர் ஒதுங்கக் கூடாது. இரண்டு பேரும் சேர்ந்து போய்க் கேளுங்கள் என்றேன். போனார்கள். ஸ்கேன் படத்தை மூன்று டாக்டர்கள் கூடிப் பார்த்து, சதை எடுக்காமலே மருந்து தொடங்கினார்கள்.

போகும்போது பழைய எக்ஸ்ரே படங்களையும் எடுத்துப் போங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டால் முன்னதாகவே சொல்லுங்கள். சதை எடுத்த பிறகு திடீரென நெஞ்சு வலித்தாலோ, மூச்சு முட்டினாலோ, இருமும்போது ரத்தம் வந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே 108-க்குப் போன் செய்யுங்கள்.