முதுகுக்கு ஒரு முன்யோசனை

மதுரையிலிருந்து வத்தலக்குண்டு வழியே மலையேறிச் சென்று, 1895-ஆம் ஆண்டில் தோன்றிய கொடைக்கானல் கோல்ஃப் சங்கத்தின் புல்வெளியில் மட்டை பிடிக்கும் வயோதிகர்களானாலும், மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் இறகுப்பந்து ஆடும் பெரியவர்களானாலும், அவர்களுக்குப் பொதுவான சத்துரு இடுப்புவலியே.

இரவு நித்திரையின்போது முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகள் நீரை ஈர்த்துப் பருத்துவிடுவதால், எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் குனிவது அவற்றுக்கு அதிக சிரமத்தைத் தருகிறது. ஆகவே எழுந்த கையோடு மட்டையை வீசாமல், சற்று உலாவி, தோளையும் தொடையையும் தளர்த்திக்கொள்வதே உசிதம்.

இடுப்புப் பகுதியின் ஐந்து முதுகெலும்புகள் குனிந்து நிமிர அமைந்தவையேயன்றி அதிகம் திருகுவதற்கு ஏற்றவை அல்லவாதலால், மட்டையைப் பின்னே ஓங்கும்போது முன்காலின் குதியைச் சிறிது உயர்த்தி, தேகம் முழுவதையும் சேர்த்துத் திருப்புக. பந்தை எடுக்க முழங்காலை மடக்குக. வலி காலில் இறங்கினாலோ, கால் மரத்துப்போனாலோ, தாமதியாமல் வைத்தியரை நாடுக.